சிவில் டிப்ளமோவிலிருந்து மெட்ராஸ் டெரஸ் வரை: மரபுக் கட்டடப் பயிற்சியில் நான் கண்டது

சிவில் டிப்ளமோ முடித்தவர்கள் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலைக்கு வர முடியுமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். வரலாம். நேர்வழி கிடையாது, அவ்வளவுதான். நான் எப்படி நுழைந்தேன், உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருமுறை முழுதாக எழுதிவைத்துவிட்டால் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நான் விழுப்புரம் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அடுக்குமாடி, கல்யாண மண்டபம் என்று கான்கிரீட் வேலைகளில் சைட் இன்ஜினியராகச் சில வருஷம் ஓடினேன். பழைய கட்டடம் பற்றிய ஆர்வம் அதற்கு முன்பே வந்தது. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-71இல் கட்டிய நகரசபைக் கட்டடம். அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். விழுந்த வாரம் எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் ஏன் விழுந்தது என்று கேட்டேன். "வயசாயிடுச்சும்மா" என்றார். அதைவிட வயதான வீடுகள் அதே ஊரில் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி வரவில்லை.

வேலையில் இருந்தபடியே விசாரித்ததில் தெரிந்தது இது. கட்டடப் பாதுகாப்பில் முதுநிலைப் படிப்பு தில்லி, போபால் எஸ்.பி.ஏ.க்களிலும் (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள்) அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலை) முடித்தவர்களை மனத்தில் வைத்து அமைத்தவை. டிப்ளமோவோடு அந்தப் பக்கம் போக முடியாது. மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் மரபு முறைப்படி கோயில் கட்டவும் சிலை செய்யவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அருமையான இடம், ஆனால் நான் தேடியது பழுதுபார்க்கும் வேலை. மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் ஹெரிட்டேஜ் அகாடமி தில்லியில் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. ரோம் நகரில் இருக்கும் இக்ரோம் என்ற சர்வதேச மரபுப் பாதுகாப்பு அமைப்பு, 1956இல் புது தில்லியில் நடந்த யுனெஸ்கோ பொதுமாநாட்டின் முடிவிலிருந்து பிறந்து 1959இல் இயங்கத் தொடங்கியது. அதன் பயிற்சிகள் ஏற்கெனவே துறையில் ஊறியவர்களுக்கு. எஞ்சியது களப்பயிற்சி. புதுச்சேரியில் ஓர் அறக்கட்டளை பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் இடத்திலேயே ஆள் எடுத்துப் பழக்குகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். உதவித்தொகை ஒரு சித்தாள் கூலிக்குப் பக்கத்தில் வரும். வீட்டில் சண்டைதான்.

நேர்காணலில் சான்றிதழ்களை யாரும் புரட்டவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "உங்க வீட்டுக் கூரையை வெட்டுத்தோற்றமா வரைங்க" என்றார்கள். எங்கள் வீடு நாட்டு ஓடு. வரைந்தேன். "மழை பெஞ்சா இந்தத் தண்ணி எங்க விழும்? விழுந்த இடத்துல என்ன இருக்கு? அங்கேர்ந்து எங்க போகும்?" அரைமணி நேரம் தண்ணீர் பற்றியேதான் பேச்சு. வெறும் பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். பயிற்சி முழுவதும் அந்த மூன்று கேள்விகளைச் சுற்றியேதான் நடந்தது.

முதல் கட்டம் ஆவணப்படுத்துதல். சாந்து பூசும் கரணையைத் தொட விடமாட்டார்கள். நோட்டு, பென்சில், டேப், தூக்குக்குண்டு, டார்ச். எங்களுக்குக் கிடைத்தது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு வீடு. கீழ்த்தளம் தெருத் தாழ்வாரம், திண்ணை, முற்றம் என்று நம்மூர் அமைப்பு. மாடி பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னலும் தூண்களுமாக. அந்த ஊரில் இந்தக் கலப்பு நிறைய உண்டு. பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு அறையிலும் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். அப்படி அளந்து வரைந்த பிறகுதான் ஒரு சுவர் தெருப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது தாளில் தெரிந்தது.

அளவைவிடக் கடினம், பழுதுகளைக் குறிப்பது. தாளில் இரண்டு பத்தி: கண்ணால் கண்டது, அதிலிருந்து ஊகிப்பது. "ஈரம் ஏறியிருக்கிறது" என்று முதல் பத்தியில் எழுதினால் சிவப்பு மையால் அடிப்பார்கள். ஈரம் ஏறுவதை யார் பார்த்தது? தரையிலிருந்து இவ்வளவு உயரம்வரை நிறம் மாறியிருக்கிறது, பூச்சு உப்பியிருக்கிறது, விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்கிறது என்று எழுத வேண்டும். ஏறியதா, மேலிருந்து இறங்கியதா, சுவருக்குள் போகும் குழாய் ஒழுகியதா என்பது இரண்டாவது பத்தியின் வேலை. விரிசலுக்குக் குறுக்கே சின்னதாக ஜிப்சம் பட்டை ஒட்டித் தேதி எழுதினோம். பட்டை வெடித்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. வெடிக்காவிட்டால் எப்போதோ நடந்து முடிந்த கதை. முன்னதற்கு அஸ்திவாரம்வரை போய்ப் பார்க்க வேண்டும், பின்னதற்குச் சாந்து நிரப்பினால் போதும்.

எங்களோடு இருந்த மேஸ்திரி திண்டிவனம் பக்கத்துக்காரர், அறுபது தாண்டியவர். என் வரைபடங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்க பாப்பா. மழைல வந்து பாத்தியா?" என்றார். ஐப்பசி அடைமழையில் ரெயின்கோட்டோடு போய் நின்றோம். வெயிலில் தெரியாதது எல்லாம் அன்றைக்குத் தெரிந்தது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் பாதி அடைத்திருந்தது. வழிந்த நீர் கைப்பிடிச் சுவரின் அடியில் தேங்கி நின்றது. அதற்கு நேர் கீழே, உள்ளே, தேக்கு விட்டத்தின் முனை.

விட்டத்தை நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் அதிகம். அது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் கெடும். சுவர் ஈரமானால் முதலில் உளுத்துப்போவது அந்த முனை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பதும், சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பதும் பழகப் பழகத்தான் கைவரும்.

சிமென்ட் ஏன் ஆகாது என்பதும் இங்கேதான் விளங்கியது. சிமென்டே கெட்டது என்று சொல்ல வரவில்லை, அதில்தான் நான் சோறு தின்றேன். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய பழைய சுவரில் நிலத்தடி ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இருக்காது. ஈரம் கொஞ்சம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வெளியேறும் வழி குறைந்துபோகிறது. ஈரம் வழி தேடி மேலே மேலே ஏறுகிறது. கடலோர ஊரில் நிலத்து நீரில் உப்பும் இருக்கும். காயும் இடத்தில் அது படிகமாகி செங்கல்லையே பொடியாக்கும். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது உதிரும் பூச்சு மட்டும்தான். மறுபடி சிமென்ட் பூசுகிறார், இந்தமுறை இன்னும் உயரமாக.

சுண்ணாம்பு வேலை தை பிறந்தபின் தொடங்கியது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். நீற்றியதை வடிகட்டித் தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் ஊறவைத்தால் கெட்டித் தயிர் பதத்துக்கு வரும். பூசிய பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்ளே போக மாதங்கள் பிடிக்கும். அடுத்த நாளே ஷட்டரைப் பிரிக்கச் சொல்லும் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவளுக்கு இந்த வேகம் பழகுவதுதான் பாதிப் பயிற்சி.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது எங்கிருந்து வந்தது என்று ஒரு வாளியை வைத்துக் காட்டினார்கள். காய்ந்த மணலை நிரப்பி, அளந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மணல் முழுகும்வரை எவ்வளவு போகிறதோ அதுதான் மணிகளுக்கு இடையில் இருக்கும் காலி இடம். நல்ல மணலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும். அந்த இடத்தைத்தான் சுண்ணாம்பு நிரப்புகிறது. மணல் மாறினால் கணக்கும் மாறும். டிப்ளமோவில் 1:3 என்று மனப்பாடம் செய்தபோது இதை யாரும் சொல்லவில்லை.

பழைய சாந்தின் கலவையைக் கண்டுபிடிக்க ஒரு துண்டைப் பொடித்து எடைபோட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவோம். சுண்ணாம்பு கரைந்துபோகும், மிஞ்சும் மணலைக் காயவைத்து எடைபோட்டுச் சலித்துப் பார்ப்போம். புதுச்சேரி மாதிரிக் கடலோரத்தில் ஒரு சிக்கல். மணலில் கிளிஞ்சல் துணுக்கு இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்து, சுண்ணாம்பு அதிகம் போட்டதாகக் காட்டும். அதனால் அமிலத்தில் போடுவதற்கு முன் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட வேண்டும்.

சுண்ணாம்பு என்றதும் எல்லாரும் கேட்பது: "முட்டை போடுவீங்களா?" செட்டிநாட்டுப் பூச்சின் மேல்கோட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு, கண்ணாடி மாதிரி மின்னும் பூச்சு அது. நாங்கள் செய்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. கடுக்காயும் வெல்லமும்தான். இரண்டையும் ஊறவைத்துப் புளிக்கவிட்ட தண்ணீரின் வாடை முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது.

அந்தத் தண்ணீர் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மாடிக் கூரைக்கு. தெரியாதவர்களுக்கு: தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுவருக்கு மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். கம்பி கிடையாது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதற்கும் மேல் தட்டையான ஓடு. ஜல்லித் தளத்தைப் போட்டவுடன் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்துக்கொண்டே நகர வேண்டும். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில். பழைய காலத்தில் பாட்டு உண்டாம். எங்களுக்கு ஒரு அக்காவின் செல்போனில் எஃப்.எம். எப்போது நிறுத்துவது என்று கேட்டேன். "கட்டை திரும்பி எம்பும் பாரு, அப்ப" என்றார் அந்த அக்கா. தளத்தில் தடம் விழாமல் கட்டை எகிற வேண்டும் என்பதுதான் பொறியியல் குறிப்புகளிலும் இருக்கும் அளவுகோல் என்று பின்னால் படித்தேன். என் கையில் கொப்புளம் உடைந்து காய்த்துப்போன பிறகும் என் வரிசையில் கட்டை சரியாக எம்பவில்லை. அந்த அக்கா வந்து மேலே இன்னொரு தடவை அடித்துக் கொடுத்தார்.

வகுப்பறைப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தப்படி மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டடம் கட்டத் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்ட வேண்டிய ஒழுங்குபடுத்தும் பகுதி. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனம்: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டுருவாக்கம் நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் எங்கள் வகுப்பில் நிறையச் சண்டை. புதுச்சேரி வைசியாள் வீதியை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அப்படி ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் தாழ்வாரம் போய்விட்டிருந்தால் திரும்பக் கட்டலாமா? பக்கத்து வீட்டைப் பார்த்துக் கட்டுவது சான்றா, ஊகமா? என் கட்சி: சுவரில் பழைய சட்டம் நுழைந்த குழி இருந்தால் கட்டலாம், வெறும் அழகுக்காக என்றால் வேண்டாம். ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இறுதி மதிப்பீடு எழுத்துத் தேர்வு அல்ல. ஒரு வீட்டுக்கு முழு அறிக்கை தயாரித்து, வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். எனக்குக் கிடைத்த வீட்டின் சொந்தக்காரம்மா தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். "பொண்ணு கல்யாணம் வருதும்மா. முன்னாடி சுவத்தப் பூசி பெயின்ட் அடிச்சாப் போதும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." தேர்வாளர் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "எதுவுமே செய்யலன்னா, எது எப்ப விழும்?" அதற்குப் பதில் சொல்லும்போதே வேலைகளின் வரிசை தானாக வந்துவிட்டது. முதலில் மழைநீர்க் குழாயும் வாய்க்காலும். செலவு மிகக் குறைவு, இந்த வருஷமே. அடுத்தது விட்ட முனைகள். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி நல்ல தேக்கை இணைப்பது. பூச்சு கடைசியில், சுவர் காய்ந்த பிறகு. கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்துக்கொள்ளலாம், அது சுவரைப் பாதிக்காது என்றதும் அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தேறிவிட்டேன்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கட்டடக் கலைஞர்களிடம் சைட் பொறுப்பாளராகப் போகலாம். அரசுப் பணிகளும் உண்டு. சென்னை சேப்பாக்கத்தில் பழைய அரண்மனைக் கட்டடமான ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்தில்தான் பழுதுபார்த்தது. சம்பளம் கான்கிரீட் வேலையைவிடக் குறைவாகத்தான் தொடங்கும். மதிப்பீடு போடுவது பெரிய தலைவலி. சுவரைத் திறந்து பார்க்கும்வரை எத்தனை முனை கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; அதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

சேர நினைப்பவர்கள் ஐப்பசிக்கு முன் தொடங்கும் குழுவில் சேருங்கள். மழையில் வீட்டைப் பார்க்காமல் சாந்து குழைக்கப் போவதில் பிரயோஜனம் இல்லை. மார்கழி முழுக்க உட்கார்ந்து வரைபடம் போடுவதுதான் வேலை. விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் போவார்கள். பழைய காண்ட்ராக்டர், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று போன் போடுவதும் சரியாக அப்போதுதான்.