பி5 என்று எழுதிய காகிதமும் என் குரூப் 4 தேர்வும்

ராணுவத்தில் ஒருவனின் உடல்நிலையை ஐந்து எழுத்தில் அடக்கிவிடுவார்கள். ஷேப் (SHAPE) என்று பெயர். மனநிலை, காது, கை கால், உடல்திறன், கண். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுவார்கள். எல்லாமே ஒன்று என்றால் முழுத் தகுதி. 2020-இல் என் கையில் கொடுத்த காகிதத்தில் எஸ்1, எச்1, ஏ1, பி5, இ1 என்று இருந்தது. நாலு ஒன்று, ஓர் ஐந்து. அந்த ஐந்தோடு பதினொரு வருஷ சர்வீஸ் முடிந்தது.

நான் ஏ.எஸ்.சி. என்ற ராணுவ வழங்கல் பிரிவில் டிரைவர். 2018-இல் ஒரு நாள் ராத்திரி முழுக்க கான்வாயில் வண்டி ஓட்டிவிட்டு வந்து படுத்தவன், விடியற்காலையில் பாரக்கில் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்தேன். முதலில் தற்காலிக லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவர் பட்டியல். அப்புறம் அதுவே நிரந்தரம். கடைசியில் போர்டு அவுட், மருத்துவக் குழு பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்போது எனக்கு 31 வயது.

ஊரில் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. "லீவா தம்பி, எப்பக் கிளம்பற?" என்று கேட்டவர்களிடம், "பென்ஷன் வாங்கிட்டு வந்துட்டேன் பெரியப்பா" என்றேன். என் மாமனார் வீட்டில்கூட முட்டிவலி என்றுதான் சொல்லியிருந்தோம். வலிப்பு என்ற வார்த்தையை எங்கள் பக்கம் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நானும் தாழ்த்தினேன்.

என்ன வேலைக்குப் போவது? ராணுவத்திலிருந்து வருபவனுக்கு ஊரில் இரண்டு வேலை தயாராக இருக்கும்: டிரைவர், செக்யூரிட்டி. லைசென்சுக்கான மருத்துவ உறுதிமொழிப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பொய் எழுதிவிட்டு ஸ்டியரிங் பிடிக்க மனசு வரவில்லை. செக்யூரிட்டி என்றால் இரவுப் பணி. தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும். ஆக, படிப்பு மேல் ஆசை வந்து நான் குரூப் 4 தேர்வுக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை. வேறு கதவு இல்லை, அவ்வளவுதான்.

என்னைப் போல வருகிறவர்களுக்குச் சொல்வேன்: புத்தகம் வாங்குவதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர் முன்னாள் படைவீரராகக் கருதப்பட அதற்கான பென்ஷன் வழங்கப்பட்டிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கில் காரணம் என்ன எழுதியிருக்கிறது, பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணையில் எந்த பென்ஷன் என்று இருக்கிறது, இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். என் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தி வாங்க எட்டு மாசம் ஓடியது. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தெரிந்திருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன்.

பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்ததால், உடல்நிலையால் அனுப்பப்படுபவருக்கான இன்வேலிட் பென்ஷன் கிடைத்தது. பணியால் வந்த பாதிப்புக்குத் தரும் டிஸபிலிட்டி பென்ஷனுக்குத்தான் "பணியால் வந்த நோய் அல்ல" என்று எழுதி மறுத்துவிட்டார்கள். இப்படி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் நிராகரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே அதன் அமர்வு உண்டு. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கட்டாயம் படியுங்கள். அவரும் வலிப்பால் போர்டு அவுட் ஆன சிப்பாய்தான். சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்பின் மேல். என் வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றுதான், இது நான் செய்த தப்பு அல்ல என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

சரி, படிப்புக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பதினொரு வருஷம் இந்தியில் பேசி, இந்தியில் திட்டு வாங்கி, இந்தியிலேயே கனவு கண்டவனுக்கு இது பெரிய அடி. பிரித்தெழுதுக என்றால் கை நின்றுவிடும். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி, நாலாவது படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். அவள் என்னை ஒப்பிக்கச் சொல்வாள். பத்தாம் வகுப்பு முடிய அப்படியே போனேன். கைடு எதுவும் வாங்கவில்லை, தேவையும் படவில்லை. கணக்கு 25 கேள்வி. வண்டிக்கு டீசல் கணக்கு போட்டவனுக்கு விகிதமும் வேலை-காலமும் பழக்கம்தான்.

முதல் மாதிரித் தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் பதிவெண் கட்டத்தில் என் ஆர்மி நம்பரைக் கருப்பு அடித்துவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. பக்கத்துப் பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யாரோடும் பேசவில்லை.

இனி என் பெரிய முட்டாள்தனம். 2022 ஜூலை 24 தேர்வு. மாத்திரை போட்டால் மந்தமாக இருக்கிறது என்று மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டேன். பட்டாளத்தில் தூங்காமல் இருந்தவன்தானே என்ற வீம்பில் இரவு ஒரு மணி வரை படித்தேன். தேர்வை எழுதிவிட்டேன். திரும்பும்போது பஸ் நிலையத்தில் விழுந்தேன். கண் விழித்தபோது சுற்றிலும் கூட்டம், உதட்டில் ரத்தம், என் கையில் யாருடையதோ சாவிக்கொத்து. இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. உண்மையில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். அன்று எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தேர்விலும் தேறவில்லை.

அன்றிரவு என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "யாருக்குப் பயந்துங்க இத்தனை நாள் மறைச்சோம்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அட்டவணையை உடம்பு போட்டது. இரவு ஒன்பதரைக்குப் படுக்கை, காலை ஐந்துக்கு எழுச்சி. ஐந்தரை முதல் எட்டு வரை தமிழ், மாலையில் ஒன்றரை மணி நேரம் பொது அறிவு. அதற்கு மேல் ஒரு பக்கம்கூடக் கிடையாது. தினம் பதினாறு மணி நேரம் படித்தேன் என்று பேட்டி கொடுப்பவர்களைக் கேட்காதீர்கள்; அவர்கள் உடம்பு வேறு. மந்தத்தை டாக்டரிடம் சொன்னபோது அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். முன்பே கேட்டிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2024 ஜூன் 9 அன்று தேர்வறைக்குள் போனதும் கண்காணிப்பாளராக இருந்த டீச்சரிடம், "மேடம், எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை போட்டிருக்கேன், ஏதாவது ஆனா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க போதும்" என்றேன். நாலு வருஷத்தில் அந்நியர் ஒருவரிடம் சாதாரணக் குரலில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர், "சரிங்க சார், தண்ணி பாட்டிலப் பக்கத்துல வச்சுக்கோங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குத்தான் நாலு வருஷம் பயந்திருந்தேன்.

அந்த முறை தேறினேன். இப்போது இளநிலை உதவியாளர். பஸ்ஸில்தான் போய் வருகிறேன். அந்தச் சாவிக்கொத்து இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இரண்டு பூட்டுச் சாவி, ஒரு வண்டிச் சாவி. ரெண்டு முறை பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் டைம் கீப்பரிடம் விசாரித்தேன். யாரும் கேட்டு வரவில்லையாம். அந்த மனுஷன் அன்றைக்கு எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ.