சீட்டு யாருக்கு

“அப்படின்னா அந்தச் சீட்டு யாருக்கு மேடம்?” என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருத்தி கேட்டாள்; “நமக்கு” என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாகிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றை ஆராயப் போகிறவர்களுக்கு ஆறு நாள் பயிற்சி கொடுத்தேன். அதில் பேசியவற்றுள் பூசிமெழுகாத ஒரே சொல் அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. பயிற்றுநர் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாத சொல்லும் அதுதான்.

நடந்தது சிறிய விஷயம். நான்காம் நாள், எச்.ஐ.வி.க்கான மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒத்திகை. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126-ஐத் தொட்டாலே சர்க்கரைப் பிரிவுக்குப் போகச் சொல்லும் சீட்டு எழுதிக் கொடுத்து, படிவத்தில் ‘பரிந்துரைச் சீட்டு கொடுக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, அடுத்தவரை அழைக்க வேண்டும். அவளிடம் வந்த அம்மாவுக்கு 212. அவள் சீட்டு எழுதினாள், கட்டத்தில் குறியிட்டாள், பிறகு எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துச் சர்க்கரைப் பிரிவுக்குப் போய்விட்டாள். அங்கிருந்த நர்ஸிடம் “எங்க அத்தை” என்று சொல்லி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்க்கவைத்து, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை வாங்கிக் கொடுத்து மேலே வர முக்கால் மணி நேரமானது. அதுவரை அவளது மேசைக்கு முன்னால் நான்கு பேர் பட்டினியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் முதல் பேருந்து பிடித்து வந்தவர்.

அந்த நால்வரைத்தான் நான் முதலில் சொல்லிக் காட்டினேன். அது நியாயமான கோபம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவள் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த சீட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். அந்த அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “இதை எடுத்துக்கிட்டு கீழே போகமாட்டேன் கண்ணு, அங்க எங்க தெருக்காரங்க வருவாங்க” என்றாராம். எச்.ஐ.வி. என்ற எழுத்துகள் எங்கும் வராதபடி நானே பார்த்துப் பார்த்து அமைத்த சீட்டு அது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கி, ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னவளும் நான்தான். ஆனால் சீட்டின் மூலையில் மையத்தின் முத்திரை, ஊதா மையில், ‘ஏ.ஆர்.டி.’ என்று பளிச்சென விழுந்திருந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள், சீட்டு யாருக்கு என்று.

நமக்கு என்று நான் சொன்னதில் பொருள் இல்லாமலில்லை. நோயைக் கண்டுபிடித்துவிட்டு வாளாவிருந்தோம் என்று நாளை யாரும் கேட்கக் கூடாது. நெறிமுறைக் குழுவுக்குக் காட்டச் சான்று வேண்டும். களப்பணியாளர் ஒவ்வொருவரும் மனம் இளகும் இடத்தில் மட்டும் கைபிடித்துக் கூட்டிப்போனால், யாருக்குச் சிகிச்சை கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று அளக்க வந்த ஆய்வே கோணிவிடும். இதையெல்லாம் அவளிடம் விரிவாகச் சொன்னேன். எட்டு வருடம் நர்ஸாக இருந்தவள், தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

இரவு அறைக்குத் திரும்பிய பிறகுதான் இன்னும் வலுவான காரணம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அந்த அம்மா எச்.ஐ.வி.க்குச் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதை அது மட்டுப்படுத்துவதால் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு கூடும்; ஆகவே நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘அத்தை’ என்ற பொய்யால் கீழே இருந்த மருத்துவருக்கு இது தெரியாமலே போனது. அவர் எழுதியது 500, இரண்டு வேளை. எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் அது தற்செயல். மறுநாள் காலை இதை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். இரக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்ற திருப்தி எனக்கு இருந்தது. அவள் முகம் வெளுத்தது. சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் முந்தைய நாள் அவளைக் கடிந்துகொண்டபோது இந்தக் காரணம் என் மனத்தில் இல்லவே இல்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைவிட, அந்த முத்திரைக்குப் பயந்து சீட்டே இல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தால் 212 என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நானும் எழுப்பவில்லை, வகுப்பிலிருந்த யாரும் எழுப்பவில்லை.

அந்த அம்மாவை நான் நேரில் பார்த்தது ஐந்து நிமிடம்தான். கன்னக் கொழுப்பைக் கரைத்துவிடும் பழைய எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடின் காலத்தவர் என்பதை ஒட்டிப்போன கன்னமே சொல்லியது. 2004-இல் இலவச மருந்து வந்த புதிதில் தாம்பரம் வரை பேருந்தில் போய் வாங்கியிருக்கிறார். கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். கிளம்பும்போது பையை ஒழுங்குபடுத்தினார். ஏ.ஆர்.டி. மாத்திரை டப்பாவைத் திறந்து, குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சை அடைத்து, பழைய துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார். மெட்ஃபார்மின் அட்டையை மட்டும் மேலாக, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். “இது சர்க்கரைதானே, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம்” என்று சிரித்தார். இருபது வருடத்துக்குப் பிறகு வெளியே சொல்லக்கூடிய ஒரு நோய் வந்திருக்கிறது அவருக்கு. எங்கள் கேள்வித்தாளில் அந்தச் சிரிப்புக்குக் கட்டம் கிடையாது என்று எழுத வருகிறது. ஆனால் கட்டம் போட்டிருந்தாலும் அதை என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

மருந்து கிடைத்துவிட்டதால் எச்.ஐ.வி.காரர்கள் முதுமையைப் பார்க்கிறார்கள், முதுமையோடு மற்ற நோய்களையும் பார்க்கிறார்கள் என்றுதான் ஒவ்வொரு பயிற்சியையும் தொடங்குகிறேன். நமக்கான தரவு நம்மிடமிருந்து வர வேண்டும், அதற்குப் பிசகாமல் அளக்கும் கைகள் வேண்டும் என்பேன். இப்போதும் அதை நம்புகிறேன்.

முத்திரையை மாற்றினோம், இப்போது மருத்துவமனையின் பொது முத்திரைதான் விழுகிறது. உட்கொள்ளும் மருந்துகளைச் சீட்டில் எழுதலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள், ஆகவே டோலுடெக்ராவிர் சிக்கல் அப்படியே இருக்கிறது. அவள் ஆய்வு முடியும்வரை எங்களோடு வேலை செய்தாள். அவளுடைய படிவங்களில் ஒரு கட்டம்கூட விடுபட்டதில்லை. சீட்டுக் கட்டத்தில் ஒரே அளவில் சுத்தமான குறிகள். ஒருமுறைகூட அவள் மறுபடி கீழே இறங்கிப் போகவில்லை. இறுதி மதிப்பீட்டில் அவளை ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்தடுத்த குழுக்களுக்கு இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். மெட்ஃபார்மின் பகுதி வந்ததும் குறிப்பேட்டில் வேகமாக எழுதிக்கொள்கிறார்கள். அவள் கேட்ட கேள்வியையும் சொல்வதுண்டு. என் பதிலை இதுவரை சொன்னதில்லை.