பதினேழு நோயாளிகளும் ஒரு பாடமும்

மலேரியா ஒழிப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் 1963-ஆம் ஆண்டின் இலங்கைதான் என் நினைவுக்கு வருகிறது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்ததன் பயனாக, ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோரை வாட்டிய அந்தக் காய்ச்சல் அவ்வாண்டில் வெறும் 17 பேரிடம் மட்டுமே கண்டறியப்பட்டது. வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பு நிறுத்தப்பட்டு, கண்காணிப்பும் தளர்ந்துபோக, 1968-69-இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். உள்நாட்டுப் பரவல் தொடர்ந்து 3 ஆண்டுகள் அறவே இல்லாதிருந்தால்தான் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்றளிக்கும். இலங்கை அதைப் பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

உலகளவில் 2023-இல் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தனர் என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 2021-இலும் 2023-இலுமாக இரண்டு தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்பட்டது பெரும் முன்னேற்றமே. ஆயினும் தடுப்பூசி வந்ததும் கொசுவலை தேவையில்லை என்று கருதுவோரை (இப்படிப் பேசுவோர் உண்டு) என்னால் ஏற்க இயலவில்லை. நான்கு தவணை ஊசியும் பாதுகாப்பை முழுமையாக்குவதில்லை. பூச்சிக்கொல்லிகளுக்குக் கொசுக்களும், மலேரியாவைக் குணப்படுத்தும் ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் பல இடங்களில் ஏற்கெனவே ஈடுகொடுக்கத் தொடங்கிவிட்டன.