நனையாத முட்டி

"அடியில போய்ப் பார்த்தியா?" என்று டிரெய்லரை மாட்டிய டிரைவர் பையனிடம் கேட்டேன். "பார்த்துட்டேண்ணே" என்றான். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அறிக்கையிலும் அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் முட்டி நனையாமல் இருந்ததை மட்டும் எழுதவில்லை.

காலையிலிருந்து சிங்கப்பூர் துவாஸில் மழை, யார்டு முழுக்கத் தண்ணீர். டிரெய்லருக்கு அடியில் டார்ச் அடித்து, கிங் பின் என்கிற அதன் இரும்பு முளையை, இழுக்கும் வண்டியின் தட்டிலுள்ள தாடை சுற்றிப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க முட்டி போட்டாக வேண்டும். நன்றாகக் குனிந்தாலும் பார்க்கலாம்தான். ஒல்லியான பையன், குனிந்திருப்பான். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

முந்தின ராத்திரி அந்த டிரெய்லரை இழுத்துவந்து விட்டுப்போன பிரைம் மூவர் உயரமானது. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் இரும்புக் கால்கள் அந்த உயரத்திலேயே நின்றன. இவன் வண்டி தாழ்வு. ஹேண்டிலைச் சுற்றி டிரெய்லரின் முன்பக்கத்தை இறக்கியிருக்க வேண்டும். ரிவர்ஸில் வரும்போது வண்டியின் தட்டு டிரெய்லரை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால்தான் சரி. டிரெய்லர் உயரமாக இருந்தால் பின் தாடைக்குள் இறங்காது, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'டக்'கென்று சத்தம்கூடக் கேட்கும். கொஞ்சம் முன்னால் இழுத்துப் பார்த்தாலும் சில சமயம் பிடித்ததுபோலவே இருக்கும். அடியில் போய்த் தாடையையும், தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்பதையும் பார்ப்பதுதான் ஒரே வழி.

டிரெய்லரின் மூக்கு தூக்கியிருப்பதை நானும் பார்த்தேன். ஆனால் என் கண் மேலே போனது. 9 அடி 6 அங்குல உயரக் கன்டெய்னர் பெட்டி, கிட்டத்தட்ட 2.9 மீட்டர். சேசிஸ் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 4.4. நான்கு விரல் தூக்கினாலும் 4.5-க்குள்தான், அதைத் தாண்டாதவரை போலீஸ் எஸ்கார்ட் தேவையில்லை என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அந்த நான்கு விரல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கேட் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பது உண்மை. ஆனால் அது முழுக் காரணம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் எல்லார் எதிரிலும் அவனைத் திட்டியிருந்தேன். "நம்பிக்கை இல்லாட்டி நீங்களே போய்ப் பாருங்கண்ணே" என்று அன்றைக்குச் சொன்னான். அதனால்தான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மரியாதை கொடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யார்டுக்குள்ளேயே, முதல் வளைவில் டிரெய்லர் கழன்றது. காற்றுக் குழாய்கள் அறுந்ததும் டிரெய்லர் பிரேக் தானாக இறுகியது, பெட்டி அப்படியே நின்றுவிட்டது. டிரெய்லரின் ஒரு கால் வளைந்ததோடு சரி. பக்கத்தில் ஆள் இல்லை.

விசாரணையில் "என் தப்புதான் பாஸ்" என்றான். பார்த்தாயா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. என் அறிக்கைதான் மேசையில் இருந்ததே. வேலை பர்மிட் ரத்தாகி, மாசக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டான்.

இப்போது என் ஃபோனில் அமெரிக்காக்காரர்கள் வீடியோவாக வருகிறது. பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் இதே மாதிரித் தட்டை வைத்துச் சுற்றுலா வீட்டு டிரெய்லரை மாட்டுகிறார்கள். சமதளத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, டேப்பால் இடைவெளி அளந்து, இறங்கி ஏறி மறுபடி அளக்கிறார்கள். லீவுக்குப் போகிறவனுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது பாருங்கள்.

போன வாரம் புதுப் பையனிடம் அதே கேள்வி, அதே பதில். நல்ல வெயில், முட்டியைப் பார்த்து ஒன்றும் தெரியாது. டார்ச்சை வாங்கிக்கொண்டு நானே அடியில் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் பூட்டியிருந்தது. எழுந்து டார்ச்சை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினான்.