கரண்ட் வரும்போது நைனாவும் தூக்கணும்

ஏப்ரல் 16, 2024, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் நேற்று தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இந்த 61 நாளில்தான் காசிமேட்டில் படகு மராமத்து, பெயின்ட், வலை வேலை எல்லாம் நடக்கும். போன வருஷம் இதே நேரத்தில் நைனாவை (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கையில் பிடிக்க முடியவில்லை. சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கால் ஊன்றி நடக்கிறார். பேச்சு தெளிவாக இருக்கிறது. இடது கைதான் வரவில்லை, விரல்கள் உள்ளே மடங்கியே கிடக்கின்றன.

"வலது கை நல்லாத்தானே இருக்கு, ஊசி பிடிக்கலாமே" என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். வலை வேலை தெரியாமல் சொல்வது. ஊசியை ஓட்டுவதுதான் வலது கை. அறுந்த கண்ணியை விரித்துப் பிடிப்பது, முடிச்சு நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வது, அடுத்த கண்ணிக்கு விரலாலேயே அளவு எடுப்பது எல்லாம் இடது கை.

அடுத்த வாரம் கைக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்று பிசியோ தம்பி சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். இடது ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டும், அந்த விரல் நிமிரவில்லை. மை வைக்கும் அம்மா எழுந்து வந்து, முஷ்டியைத் தன் கையில் வாங்கி, அவசரப்படாமல் அந்த ஒரு விரலை மட்டும் பிரித்தார். பின்னால் நின்றவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நைனா ஆட்டோவில் வரும்போது, "மைக்குக்கூட நீள மாட்டேங்குதே கண்ணு" என்றார்.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று கரண்ட் வைத்தார்கள்.

முதலில் கேள்விகள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, கையில் பிளேட் ஏதும் வைத்திருக்கிறதா. அப்புறம் முழங்கைக்குக் கீழே, முன்கையின் வெளிப்பக்கத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டினார். சின்ன மெஷின்தான். மெதுவாக ஏற்றினார். "எறும்பு ஓடுது" என்றார் நைனா. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் மணிக்கட்டு தானாக எழுந்தது, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையை முழுசாகப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பத்து நொடி போனதும் கரண்ட் நின்றது, கை பழையபடி மடங்கிக்கொண்டது.

"இது நான் தூக்கல தம்பி, மெஷின் தூக்குது."

"அதான்ப்பா விஷயமே. கரண்ட் வரும்போது நீங்களும் சேர்ந்து தூக்கணும். சும்மா படுத்திருந்தா பாதிப் பலன்கூட வராது."

நிதானமாக விளக்கினார். நைனாவுக்கு அடி விழுந்தது மூளையில். முதுகுத்தண்டிலிருந்து கைக்கு வரும் நரம்பு நன்றாகவே இருக்கிறது. மேலேயிருந்து உத்தரவு வருவதில்லை, அவ்வளவுதான். அதனால்தான் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்ததும் கை எழுகிறது. தசைக்கு வைப்பதாக நாம் சொன்னாலும் கரண்ட் தொடுவது அந்த நரம்பைத்தான். தசையை நேராக அசைக்க அதைவிட மிக அதிகக் கரண்ட் வேண்டும். நைனா தூக்க நினைக்கும் அதே நொடியில் கை உண்மையிலேயே எழுந்தால், நினைத்தது நடந்தது என்ற செய்தி மூளைக்குத் திரும்பப் போகும். அப்படித் திரும்பத் திரும்பப் போனால்தான் பாதிக்கப்படாத பகுதிகள் அந்த வேலையை எடுத்துச் செய்யப் பழகும்.

நைனா சட்டென்று பிடித்துக்கொண்டார். "அம்பா பாடி வலை இழுக்கிற மாதிரி. குரல் வர்றப்போ எல்லார் கையும் ஒண்ணா இழுக்கணும், முன்னப் பின்ன இழுத்தா வலை வராது" என்றார். அடுத்த முறை கரண்ட் ஏறும்போது "ஏலேலோ" என்று குரலும் கொடுத்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கல்மண்டபத்திலிருந்து அத்தை வந்திருந்தார். புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்று யாரோ சொன்னார்களாம், கூண்டோடு வாங்கி வந்துவிட்டார். அத்தையின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடைப்பு இருந்தது மூளையின் ரத்தக்குழாயில், தோலில் எதைத் தேய்த்தாலும் அங்கே போகாது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். புறாவை மாடியில் பறக்கவிட்டோம்.

எதிர்வீட்டு அண்ணன் முட்டிவலிக்கு வாங்கிய டென்ஸ் மெஷினைத் தருவதாகச் சொன்னார். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது வலியைக் குறைக்கிற கருவி. தோலில் உணர்ச்சி கொடுக்கும் அளவில் வைப்பது. ஆன்லைனில் இதை வாங்கிக் கைக்கு ஒட்டிக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று மனம் உடைகிறவர்கள் நிறைய. வாங்குவதற்கு முன் பிசியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மே 9, வியாழன்

"ஆறு மாசத்துக்குள்ள வந்ததுதான் வரவு, அதுக்கப்புறம் எதிர்பார்க்காதீங்க" என்று ஓரிடத்தில் ஒரு டாக்டர் நைனாவின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த வாக்கியம் எனக்குள் கிடந்து அறுக்கிறது. இன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததை எழுதி வைக்கிறேன், என்னைப் போலத் தேடுகிறவர்களுக்கு உதவும்.

வேகஸ் என்று ஒரு நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிறது. ஆபரேஷன் செய்து, இடது கழுத்தில் இந்த நரம்பைச் சுற்றி ஒரு கம்பியை வைத்து, மார்பின் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியோடு இணைக்கிறார்கள். வலிப்பு நோய்க்கு 1997லிருந்தே அமெரிக்காவில் அனுமதி உள்ள முறை. பக்கவாதத்துக்கு இதைப் பயன்படுத்தும் விதம்தான் புதுசு. நோயாளி ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறார் என்றால், அந்த நேரத்தில் பயிற்சியாளர் பட்டனை அழுத்துகிறார். அரை நொடிதான், 0.8 மில்லிஆம்பியர். கைக்கு அந்தக் கரண்ட் போவதே இல்லை, மூளைக்குப் போகிறது. அங்கே அசிடைல்கோலின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்கள் சுரந்து, அந்த நொடியில் செய்த அசைவு நன்றாகப் பதிய உதவுகின்றன. விலங்குகளில் செய்த சோதனைகளில், அசைவோடு சேராமல் நேரம் தப்பிக் கொடுத்தபோது அந்தப் பலன் வரவில்லை. பிசியோ தம்பி சொன்ன அதே நேரக் கணக்கு இங்கேயும்!

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 108 பேரிடம் சோதித்து, 2021ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அடைப்பினால் வந்த பக்கவாதம், வந்து குறைந்தது 9 மாதம் ஆனவர்கள். எல்லோருக்கும் கருவி வைத்தார்கள், ஆனால் ஒரு பாதிப் பேருக்குத்தான் நிஜமான கரண்ட். ஆறு வாரம், ஒரே கடுமையான கைப்பயிற்சி. கை அசைவை அளக்கும் 66 மதிப்பெண் அளவுகோலில் கரண்ட் பெற்றவர்கள் சராசரியாக 5 ஏறினார்கள், மற்றவர்கள் 2.4. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, சொல்லும்படியான முன்னேற்றம் முதல் குழுவில் 47 சதவீதம் பேருக்கு, அடுத்த குழுவில் 24 சதவீதம் பேருக்கு. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

கழுத்தில் கத்தி வைக்கிற சிகிச்சையை நைனாவுக்கு நாங்கள் யோசிக்கவில்லை. குரல் கம்மிப்போவது போன்ற பக்கவிளைவுகளும் அதில் உண்டு. என் கண் நின்றது அந்த 24ல். நிஜக் கரண்ட் இல்லை, ஒன்பது மாதமும் தாண்டிவிட்டது, பயிற்சி மட்டும்தான். அப்படியும் நாலில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட வந்திருக்கிறது. ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடுகிறது என்று இனி யாரும் என் நைனாவிடம் சொல்லக் கூடாது.

மே 21, செவ்வாய்

கத்திரி வெயில். வியர்வையில் பட்டை ஒட்டவில்லை. ஓரம் தூக்கிக்கொண்டால் ஒரே இடத்தில் கரண்ட் குவிந்து தோல் பொசுங்கும். அந்தக் கையில் நைனாவுக்கு உணர்ச்சி குறைவு, சுட்டாலும் தெரியாது. அதனால் தோலைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுகிறோம், எடுத்ததும் சிவப்பு தங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். சீக்கிரம் கை களைத்துவிடுகிறது. கரண்ட் எழுப்பும்போது ஒரே இழைகள்தான் ஒரே நேரத்தில் உழைக்கும், இயல்பான அசைவில் இருப்பதுபோல முறை மாற்றிக்கொள்ளாது. ஆகவே இடைவெளி விட்டுத்தான் செய்ய வேண்டும்.

பிரஷர் மாத்திரையை அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நைனாவின் பிரஷரையும் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை வராமல் காப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு, ஒரு வேளைகூட விடவில்லை.

ஜூன் 15, சனி

ராத்திரி படகுகள் புறப்பட்டுவிட்டன. நைனாவின் படகு ஆட்கள் கிளம்புமுன் வந்து பார்த்துவிட்டு, கிழிந்த வலைத் துண்டு ஒன்றைப் பயிற்சிக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கரண்ட் இல்லாமல் மணிக்கட்டு கொஞ்சம் எழுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரிகின்றன, மற்ற மூன்றும் இன்னும் இல்லை. வலையின் கண்ணியை அந்த இரண்டு விரலுக்கு இடையில் வைத்தால் பிடித்துக்கொள்கிறார், முடிச்சை இறுக்கும்போது நழுவிவிடுகிறது. முடிச்சுக்குத் தேவையான அழுத்தம் எப்போது வரும் என்று பிசியோ தம்பியிடம் கேட்டேன். தேதி சொல்ல மறுத்துவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

திங்கள் முதல் மெஷினின் சுவிட்சை நைனாவின் வலது கையிலேயே கொடுக்கப் போகிறார். தூக்க நினைக்கும்போது அவரே அழுத்த வேண்டும். வலைத் துண்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.