ஒச்சனோமிசு பள்ளம் ஒருவழியாக வந்துவிட்டது

அட்டைகளை உயரவாரியாக வெட்டி அடுக்கி நான் செய்துவரும் டோக்கியோ நில மாடலில், ரொம்ப நாளாக முரண்டு பிடித்த ஒச்சனோமிசு பகுதிப் பள்ளம் நேற்று ராத்திரி கச்சிதமாக வந்துவிட்டது. அளவு 1:10,000, உயரம் மட்டும் ஐந்து மடங்கு. ஆக, 1 மி.மீ. ஸ்டைரீன் போர்டு (நுரை அட்டை) ஒன்று நிஜத்தில் 2 மீட்டர் உயரம். தரவு வழக்கம்போல ஜப்பான் நில அளவைத் துறையின் 5 மீட்டர் கட்டத் தரவுதான் (5 மீட்டருக்கு ஒரு புள்ளியில் நில உயரம்).

ஷின்ஜுகு மேடு சுலபம். ஷிபுயா பள்ளத்தாக்கும் அழகாக விழுந்தது. சுரங்க ரயிலான கின்சா தடம் அங்கே மூன்றாவது மாடியில் போய் நிற்பது ஏன் என்று அடுக்குகளைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஒச்சனோமிசு அப்படியில்லை. கண்டா ஆறு அங்கே மேட்டைக் குறுக்கே பிளந்துகொண்டு ஓடுகிறது. மாடலில் ஆற்றின் அகலம் ஓரிரு மில்லிமீட்டர், இரண்டு கரையும் செங்குத்து. உயரக்கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஒட்டி அடுக்குகளைத் தனித்தனியாக வெட்டினால் கரையோரப் பட்டைகள் நூல் மாதிரி ஆகி, விரல் பட்டதும் நுரை நசுங்கிவிடுகிறது. லேசரில் வெட்டித் தரும் ஓர் இடத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் உருகி வந்தது, கூலி மட்டும் குறையவே இல்லை.

வழி காட்டியது வரலாறு. அந்தப் பள்ளம் ஆறு அரித்ததில்லை, ஆள் வெட்டியது. எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டையின் வெளி அகழிக்காக 1620இல் செண்டாய் பிரபு தாதே மசாமுனே வெட்டுவித்தார். 1660இல் அவர் பேரன் சுனாமுனே, படகு போகிற அளவுக்கு அதை அகலப்படுத்தும் வேலையைத் தொடங்கினார். அதற்கு முன் வடக்கே ஹொங்கோவும் தெற்கே சுருகதாயும் ஒரே மேடு. நானும் முதலில் மேட்டை முழுசாக அடுக்கிவிட்டு, அப்புறம் அகழியை வெட்டினேன்.

சூட்சுமம் பசையில் இருக்கிறது. வெட்டு விழும் கோட்டுக்கு அருகே ஸ்டைரீன் பசை படக்கூடாது. காய்ந்த பசைத் திட்டில் பிளேடு இடறினால் வெட்டு கோணிவிடும். ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, புது 30 டிகிரி பிளேடால், அடுக்குக்கு ஒரு இழுப்பு, அழுத்தாமல் இறங்க வேண்டும். தென்கரையில் சூஓ ரயில் தடத்துக்கு நடுச்சரிவில் ஒரு திண்ணை விட்டிருக்கிறேன். அந்த மெல்லிய திண்ணை உடையாமல் நின்றதில் எனக்கு அப்படி ஒரு பெருமை!

போர்டு வாங்க ஷின்ஜுகுவில் இருக்கும் செகாய்டோ என்ற ஓவியப் பொருள் கடைக்குத்தான் போகிறேன். வீட்டுக்கு வரவழைத்தால் மூலை மடங்கி வருகிறது.

கோட்டைப் பகுதியும் முடிந்தது. 1657 பெருந்தீயில் எரிந்த மூலக் கோபுரத்தைப் பிறகு கட்டவே இல்லை என்பதால், அங்கே கல் பீடம் மட்டும். ஹிபியா ஓரிரண்டு அடுக்குதான். பின்னாளில் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) ஆன தொகுகாவா இயேயாசு 1590இல் எடோவுக்கு வந்தபோது அங்கே கடல் நிலத்துக்குள் புகுந்து நின்றது. கண்டா மேட்டு மண்ணைக் கொட்டித்தான் தூர்த்தார்கள்.

அகாசகாவும், 25.7 மீட்டர் அதாகோ குன்றும் இன்னும் ஒட்டவில்லை. அதற்குள் மனசு கிழக்கே போய்விட்டது. 1910 வெள்ளத்துக்குப் பிறகு வெட்டத் தொடங்கி 1930இல் முடித்த அரகாவா வடிகாலையும், அதைத் தாண்டி நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷி கசாயையும் சேர்க்க ஆசை. அந்தப் பக்கம் தரவில் பல இடங்கள் கடல் மட்டத்துக்கும் கீழே. அதனால் அடிப்பலகையையே 3 மி.மீ. தாழ்த்த வேண்டும். பலகைக்குச் சொல்லியாகிவிட்டது.