ஊசி போதும் என்று சொன்னது நான்தான்

"அப்ப ஊசி போட்டாப் போதும்ல, வங்கி எதுக்கும்மா?" என்று ஐயா கேட்டார். "இப்போதைக்கு ஊசி போதும்ங்கய்யா" என்று சொன்னேன். ஊசி என்பது குடிநோயாளிகளுக்குப் போடும் வைட்டமின் ஊசி, வங்கி என்பது மூளைத் திசு வங்கி, ஐயா நாங்கள் பணம் கேட்டுப் போன மில்காரர். நடந்தது அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் ஊசிக்குப் போனது, வங்கி வரவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று சில நாள் நிம்மதியாக இருக்கிறது. சில நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது திடீரென்று அந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில்கள் வரிசையாக வாயில் வருகின்றன, ஹெல்மெட்டுக்குள் நானே பேசிக்கொண்டு போகிறேன்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் கேட்டுப் போனவர்களுக்கு அந்தக் கூட்ட அறை எப்படி இருக்கும் என்று தெரியும், அதை விட்டுவிடலாம். நாங்கள் கேட்டது மூளைத் திசு வங்கி. குடியால் கெட்டு இறந்தவர்களின் மூளையை, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பிரேதப் பரிசோதனையின்போது எடுத்துப் பாதுகாத்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சிறு துண்டுகளாகக் கொடுப்பது. மது மறுவாழ்வு மையம் ஒன்றில் நிதி கேட்டு எழுதுவது என் வேலை. கட்டில், மருந்து, கவுன்சலர் சம்பளம் என்றே எழுதிப் பழகிய கை. நோயியல் துறையில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எங்கள் மையத்துக்கு வாரம் ஒருமுறை வருவார். இந்த யோசனை அவருடையது, காகிதம் என்னுடையது.

எழுத எழுதத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கே தெரிந்தது. மூளையில் ஒரு பாதி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்கு. மறுபாதியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வில்லை வில்லையாக நறுக்கி மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். இறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பது முக்கியம், தாமதம் ஆக ஆகத் திசு கெடும். இருட்டிய பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய அரசு சொன்னதே 2021 நவம்பரில்தான், அதிலும் தற்கொலை, கொலை போன்றவற்றைப் பொதுவாக விலக்கிவைத்தார்கள். சரி, மூளை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அந்த மனிதர் எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தார் என்ற விவரம் கூடவே வராவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் இருக்கும் இதே மாதிரி மூளை வங்கியில் குடிநோயாளி என்று சேர்க்க ஒரு நாளைக்கு 80 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் என்பது கணக்கு. நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் 60 கிராம் வரும். ஒரு குவார்ட்டரும் அதில் பாதியான ஒரு கட்டிங்கும் போட்டால் 80ஐத் தாண்டிவிடும். எங்கள் மையத்துக்கு வருகிற யாரைக் கேட்டாலும் அதைத் தாண்டித்தான் சொல்வார்கள், அதுவும் குறைத்துச் சொல்வது.

ஒப்பிட்டுப் பார்க்கக் குடிக்காதவர்களின் மூளையும் வேண்டும். இதைப் பேராசிரியர் கூட்டத்தில் சொன்னபோது ஐயா சிரித்தார். "குடிக்காதவன் மூளையுமா? எங்கிட்டயே கேப்பீங்க போல." பேராசிரியருக்கு அந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போகத் தெரியவில்லை. "ஆமாங்க, உங்களை மாதிரி ஒரு சொட்டுகூடத் தொடாதவங்களோடதுதான் கிடைக்கறதே இல்ல" என்றார். அறையில் ஒரு மாதிரி அமைதி. காரியம் அங்கேயே கெட்டுவிட்டது, என் பதிலால் இல்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வது உண்டு. உண்மையில் ஐயா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிறகும் நல்ல கேள்விகளாகத்தான் கேட்டார். "பெங்களூர்ல நிம்ஹான்ஸ்ல ஒண்ணு இருக்குல்ல?" என்றார். அந்த மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் ஒரு மூளை வங்கி இருக்கிறது, எல்லா விதமான மூளை நோய்களுக்கும் பொதுவானது என்று சொன்னோம். "அங்க ஒரு மூலைல இதுக்கு இடம் கேளுங்களேன்" என்றார். நியாயமான கேள்வி. ஃப்ரீசர் யாருடையது என்பதில் எங்களுக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை, இங்கிருந்து எடுத்து அனுப்பவாவது ஆள் வேண்டும் என்பதுதான் பேராசிரியரின் வாதம்.

கொஞ்சம் பணத்தைப் பற்றி. ஃப்ரீசர் வாங்கித் தர ஆள் கிடைக்கும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயம் இன்னார் என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி ஃப்ரீசர் கதவிலும் பெயர் எழுதலாம். கரண்ட் பில்லில் யார் பெயரை எழுதுவது? மதுரை வெயிலில் இருபது, முப்பது வருடத்துக்கு ஒரு ராத்திரிகூட நிற்காமல் ஃப்ரீசர் ஓட வேண்டும், அதற்கு ஜெனரேட்டர், அதற்கு டீசல், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் ஓடிவர ஒரு ஆள். கம்பெனிச் சட்டப்படி சி.எஸ்.ஆரில் தொடர் திட்டம் என்று காட்டினாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள்தான். அப்புறம்? "டாஸ்மாக்ல கேளுங்க, அவங்கதான கொடுக்கணும்" என்று கமிட்டியில் ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல் அரசுக்கு வருமானம் தரும் சரக்கு, அது மூளைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க அதிலிருந்தே கொஞ்சம் கேட்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. சிட்னி வங்கிக்கு வருடக்கணக்காகப் பணம் தந்து வந்தது அமெரிக்க அரசின் ஆல்கஹால் ஆராய்ச்சி நிறுவனம், என்.ஐ.ஏ.ஏ.ஏ. என்பார்கள். தன் நாட்டில்கூட இல்லை, ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு ஃப்ரீசருக்கு ஒரு அரசாங்கம் கரண்ட் பில் கட்டியது. இதை விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். கமிட்டியில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது ரொட்டிக் கதைக்குத்தான், அதைச் சொன்னது நான். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் கிளைவ் ஹார்ப்பர் என்ற நரம்பு நோயியல் மருத்துவர் பிரேதப் பரிசோதனைக்கு வந்த மூளைகளை வரிசையாகப் பார்த்தார். வைட்டமின் பி1, அதாவது தயமின், இல்லாமல் போனால் மூளையில் சில இடங்கள் கெடும், வெர்னிக்கி நோய் என்று பெயர், குடிப்பவர்களுக்கு அதிகம் வரும். கண் ஓரிடத்தில் நிற்காது, கால் தள்ளாடும், பேச்சு குழம்பும். போதையில் இருப்பவருக்கும் கால் தள்ளாடும், பேச்சு குழம்பும். அதனால் உயிரோடு இருக்கும்போது பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. 1986இல் அவர் எழுதிய கட்டுரையில், மூளையைப் பார்த்து நோய் உறுதியான 131 பேரில் உயிரோடு இருக்கும்போதே கண்டறியப்பட்டது சுமார் 20 சதவீதம்தான். மற்றவர்களுக்கு இந்த நோய் இருப்பதே உயிரோடு இருக்கும்போது தெரியாமல் போய்விட்டது. 1991இல் ஆஸ்திரேலியா ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. பிறகு மறுபடி மூளைகளை எண்ணிப் பார்த்து 1998இல் எழுதினார்கள், முன்பு 2 சதவீதத்துக்கு மேல் இருந்தது 1.1 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இதை நன்றாகச் சொன்னேன், இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, மில் நடத்தியவர் இல்லையா, நேராக விஷயத்துக்கு வந்தார். "அப்ப கண்டுபிடிச்சு முடிச்சுட்டாங்க. அந்த வைட்டமின் நம்மகிட்ட ஊசியா இருக்கா?" இருக்கிறது, விலையும் குறைவு என்றார் பேராசிரியர். "உங்க மையத்துல எல்லாருக்கும் போடறீங்களா?" இருப்பு இருக்கும்போது போடுகிறோம் என்றேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? கை நடுங்கிக்கொண்டு ஒருவர் வந்து படுக்கிறார், சோர்வாக இருக்கிறாரே என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்ச தயமினும் செலவாகி நோய் முற்றலாம், முதலில் தயமின் போட வேண்டும் என்பது எங்கள் நர்ஸ் அக்காவுக்கே மனப்பாடம். ஸ்டாக் இல்லாத நாளில் அவர் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, ஊசி போதாது, செத்தவர்களுக்கு ஃப்ரீசர் வாங்குங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

திரும்பி வரும்போது திருமங்கலம் டோல் தாண்டும் வரைக்கும் பேராசிரியர் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். "நீ சொன்ன கதையில வங்கியே இல்லையேம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. சிட்னி வங்கி வந்தது 1990களில். பெர்த்தில் அந்த ஆள் பார்த்தது சாதாரணமாகப் பிரேதப் பரிசோதனைக்கு வந்த மூளைகளை. உறைய வைத்த திசு வேண்டியதெல்லாம் ஜீன், புரதம் என்று இன்னும் நுணுக்கமாகப் போகிற ஆராய்ச்சிக்கு, அதன் பலன் எப்போது வரும் என்று தேதி சொல்ல முடியாது. வங்கிக்குப் பணம் கேட்கப் போய், வங்கி இல்லாமலே நடந்த காரியத்தைச் சாட்சியாக வைத்துவிட்டேன் என்கிறார். குற்றம் சாட்டவில்லை, அவரும் அந்தக் கதையைத்தான் எல்லோரிடமும் சொல்வாராம்.

அப்புறம் அரிசியைப் பற்றி ஆரம்பித்தார். அவர்கள் சாப்பிடுவது வெள்ளை மாவு ரொட்டி. நாம் சாப்பிடுவது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் முழுக்கப் போகாது, பழைய மதராஸ் மாகாணத்திலேயே பச்சரிசி தின்ற வடக்குக் கடலோர மாவட்டங்களில் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் இருந்தது, புழுங்கல் தின்ற பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆக நம் குடிகாரனுக்கு இந்த நோய் குறைவாக இருக்கலாம். ஆனால் நம் குடிகாரன் சோறு சாப்பிடுகிறானா? சாயங்காலம் வெறும் வயிற்றில் குவார்ட்டரைத் தண்ணீர் பாக்கெட்டில் கலந்து ஊற்றிக்கொண்டு கொஞ்சம் மாங்காய்க் கீற்று, அவ்வளவுதான். ஆக அதிகமாகவும் இருக்கலாம். ரேஷன் செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்தார்கள், பி1 சேர்க்கவில்லை. சேர்க்கணுமா வேணாமா, யார் சொல்றது? பெர்த் கணக்கை வச்சு உசிலம்பட்டிக்காரனுக்குச் சொல்ல முடியுமா என்றார்.

இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே சார் என்று கேட்டேன். "நீதான் போதும்னு சொல்லிட்டியே" என்றார்.

இதுதான் உறுத்துகிறது. அவர் மூத்தவர், படித்தவர், அவர் பேசாததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. திட்டத்தில் "சமூகப் பணியாளர், ஒருவர்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். பிணவறை வாசலில் நின்று சம்மதம் கேட்பதற்கும், குடித்த கணக்கைக் கேட்டு எழுதுவதற்கும். முதல் ஆறு மாதம் அது நானாகத்தான் இருக்கும் என்று எங்களுக்குள் பேச்சு. அந்த வாசலை எனக்குத் தெரியும். மரத்தடியில் ஆம்புலன்ஸ் நிற்கும், சொந்தக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று போன் பேசிக்கொண்டிருப்பார்கள், ஓரமாக அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். இந்த ஊரில் கண் கேட்டால் கொடுக்கிற குடும்பங்கள் நிறைய, அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர், இரண்டு பேருக்குப் பார்வை வரும் என்று சொன்னால் சாவு வீட்டிலும் அதில் ஒரு ஆறுதல் கிடைக்கிறது. மூளையைக் கேட்டால் எதைச் சொல்லி ஆற்றுவது? கூடவே, உங்க வீட்டுக்காரர் தினமும் எவ்வளவு குடிப்பார், எந்த வயசுல ஆரம்பிச்சார், அடிப்பாரா என்று ஃபாரத்தை எடுக்க வேண்டும். ஐயா அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில் இந்த வாசல் என் கண்ணுக்குள் வந்ததா? வரவில்லை என்று அடித்துச் சொல்வேன். போதும் என்று சொன்னவுடன் முதுகு லேசானது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஊசிப் பணம் ஒழுங்காக வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலூர்ப் பக்கத்திலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்த ஒருவர், கண் இரண்டும் அலைபாய்ந்துகொண்டிருந்தவர், ஊசி போட ஆரம்பித்த சில நாளில் நேராகப் பார்த்தார். ஐயாவிடம் காட்ட அவருடைய போட்டோவைக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பினேன். இந்த ஒருவருக்காக அந்தப் பதில் சரி என்று நினைத்த வாரத்திலேயே வேறொருவர் இறந்தார், வேறு எங்கோ, சாலையோரத்தில். போஸ்ட்மார்ட்டம் ஆகி எரித்துவிட்டார்கள். அவரும் எங்களிடம் முன்பு வந்து போனவர், அப்போது ஸ்டாக் இருந்ததா இல்லையா என்று பதிவேட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது ஒரு காரணம்.

பேராசிரியர் இப்போது திட்டத்தைச் சுருக்கிவிட்டார். ஃப்ரீசர் வேண்டாம், வங்கியும் வேண்டாம். வழக்கமாக நடக்கிற பிரேதப் பரிசோதனையில், நெறிமுறைக் குழுவும் குடும்பமும் சம்மதித்தால், மூளையின் அடியில் மாமில்லரி என்று சொல்கிற இரண்டு சிறு புடைப்புகளை ஃபார்மலினில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, எண்ணுவது, பெர்த்தில் அந்த ஆள் செய்ததைப் போல. செலவு மிகக் குறைவு, ஐயாவிடம் போகாமலே முடியலாம். வங்கி வேண்டும் என்று அத்தனை பேர் முன்னால் வாதாடிவிட்டு இப்படி இறங்கி வருவது எனக்குப் பிடிக்கவில்லை, நாளைக்கு ஜீன், புரதம் என்று யாராவது கேட்டால் ஃபார்மலினில் ஊறியதை வைத்துக்கொண்டு பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்று அவரிடமே சண்டை போட்டேன். போதும் என்று சொன்னவள்தான் இந்தச் சண்டையையும் போட்டாள், அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை, பெரிய மனுஷர். விண்ணப்பம் முக்கால்வாசி எழுதிவிட்டேன். "சமூகப் பணியாளர், ஒருவர்" என்ற வரி இதிலும் இருக்கிறது. எதிரே சம்பளம் எவ்வளவு என்று இன்னும் போடவில்லை.